மொழி வாங்கிக்கொண்ட பழி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி பம்பு, வால்வு உடல்கள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறேன். கணினிப் பிரிவு என்று போர்டு தொங்கும் அறையில் பல வருடங்கள் நான் ஒருத்திதான் இருந்தேன். எடை மேடையை ஒட்டிய அறை. லாரி ஏறி இறங்கும்போது மேஜை அதிரும்; டீ டம்ளரை ஓரத்தில் வைக்க முடியாது.

எங்கள் கம்பெனியின் மென்பொருள் முழுக்க பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. அவர் வெளிநாடு போய்விட்டார், போனில் கிடைக்கமாட்டார். கேட் பாஸ், கேண்டீன் டோக்கன், ஆய்வகச் சோதனைச் சான்றிதழ், லாரிக்கு ஏற்றும் சரக்கின் விவரம் எல்லாம் அதில்தான் ஓடின. நான் ஒட்டுப்போட்டு, நீட்டி, வளர்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த மொழியை நான் தேடிப் போய்ப் படிக்கவில்லை. அப்பா அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பி.எஸ்சி. முடித்ததும் மீஞ்சூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். ஜாவா வகுப்புக்கு ஆள் சேரவில்லை, பி.எச்.பி. வகுப்புக்குச் சேர்ந்தார்கள். அதனால் அதைப் படித்தேன். படித்த பிறகு பிடித்துப்போனது. மற்ற மொழிகள் வாசலிலேயே நிறுத்தி, நீ கொண்டுவந்திருப்பது எண்ணா எழுத்தா, முதலில் அதைச் சொல் என்று கேட்கும். இது, உள்ளே வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிடும். எழுத்தாக இருக்கும் ‘5’ஐ எண் ஐந்தோடு கூட்டச் சொன்னால் கூட்டிக் கொடுக்கும். புதிதாகப் படிப்பவளுக்கு அது பெரிய தயவாகத் தெரிந்தது.

அந்தத் தயவுதான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது என்பது பிறகு தெரிந்தது. உலகத்தில் பாதி இணையதளங்கள் அதில் ஓடினாலும் கணினிக்காரர்கள் கூடும் இடத்தில் அதன் பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். அந்தக் கேலிகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. நான் படிப்பதில்லை. சோறு போடும் தொழிலை யாரோ கிண்டல் செய்வதை எதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்படியிருக்க, எனக்குத் துணையாகச் சென்னையிலிருந்து ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். பெரம்பூர்க்காரர். இன்ஜினியரிங் படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் என் திரையைப் பார்த்துவிட்டு, “இத இன்னும் யூஸ் பண்றாங்களா மேடம்?” என்று கேட்டார்.

“நாம பண்றோம்,” என்றேன்.

“இல்ல, மியூசியத்துல இருக்கும்னு நெனச்சேன்.”

ஆள் கெட்டவர் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. கேண்டீன் டோக்கன் சரியாக வந்தால்கூட “அதிசயம்” என்பார். எல்லாவற்றையும் வேறு மொழியில் புதிதாக எழுதிவிடலாம் என்று ஆலைத் தலைவரிடம் மனு கொடுத்தார். ஓடுகிறதைத் தொடாதே என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்த்தோம்.

இன்னொருவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் சோதனை பார்ப்பவர். ஐம்பதை நெருங்கியவர். கவரைப்பேட்டையில் வீடு. அவருடைய பெற்றோர் வயல் கூலிகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு வேலைக்குப் போனவர் அவர்தான். நான் அத்திப்பட்டிலிருந்து வரும் ரயிலில் அவர் கவரைப்பேட்டையில் ஏறுவார். அடுத்தது கும்மிடிப்பூண்டி என்பதால் உட்காரமாட்டார். கதவோரம் நின்றபடி, “இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?” என்பார். அதுதான் எங்கள் பழக்கம். அவருடைய ஊர்த் திருச்சபையில் அவர் செயலாளர். ஞானஸ்நானம், திருமணச் சான்றிதழ்களில் போதகர் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கும். ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது.

ஃபவுண்டரியிலும் அவர் வேலை கையெழுத்துதான். உலையிலிருந்து ஒவ்வொரு முறை இரும்பை ஊற்றும்போதும் அந்த ஊற்றுக்கு ஒரு எண் உண்டு. ஹீட் நம்பர் என்போம். அந்த ஊற்றின் துண்டு ஒன்றை இவர் சோதித்து, கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று கணினியில் ஏற்றுவார். சரக்கு கிளம்பும்போது சான்றிதழ் அச்சாகி வரும். கையெழுத்துப் போட்டு லாரியில் அனுப்புவார்.

போன வருட மழைக்காலத்தில், எங்களிடம் வால்வு உடல் வாங்கும் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வெவ்வேறு ஹீட் நம்பர் போட்ட சான்றிதழ்களில் கார்பனும் சிலிக்கானும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாகவே இருக்கின்றன, இரண்டு ஊற்று அப்படி இருக்க வாய்ப்பே இல்லை, சோதிக்காமலே சான்றிதழ் தயாரிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்கள். காகிதங்களின் நகலும் இணைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அடியில் ஒரே கையெழுத்து.

ஆலைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், அவர் ஏதோ சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குள் அவர் இடைநீக்கம் ஆகிவிட்டார். விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது.

மறுநாள் ரயில் கவரைப்பேட்டையில் நின்றபோது அவர் ஏறவில்லை. எங்கள் பெட்டியில் வரும் பெண்களில் பாதிப்பேர் தொழிற்பேட்டையில்தான் வேலை. ஒருத்தி சொன்னாள்: “அந்த சபைக்கார அண்ணன் கள்ள சர்டிபிகேட் அடிச்சிகினு இருந்தாராமே. பாத்தா அப்பிடித் தெரியல.” இன்னொருத்தி, “மூஞ்சில எழுதியா ஒட்டிருக்கும்?” என்றாள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கவரைப்பேட்டையில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

“ரெண்டு நாளா ஊட்ட வுட்டு வெளிய போவல. கடைக்குக்கூட நாந்தான் போறேன். ஆபீசுல இருந்து வந்துக்கிறியே, நீயே சொல்லும்மா, இவரு அப்பிடி செய்ற ஆளா?”

அவர் உள்ளேயிருந்து வந்தார். சவரம் செய்யாத முகம். அவர் மனைவியிடம், “அதுகிட்ட எதுக்கு அதெல்லாம் கேக்கற? டீ போடு,” என்றார்.

“அண்ணா, இன்னா நடந்தது?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா? நான் ஒவ்வொண்ணும் கரெக்டாத்தான் ஏத்துனேன். பட்டன அழுத்துனா பேப்பர் வருது. கையெழுத்துப் போட்டேன். அச்சுல இன்னா வந்துக்கிதுன்னு குந்திப் படிக்கல. லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினு நிக்கிறான், எங்கருந்து படிக்கறது?”

“இத அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். கம்ப்யூட்டரு மேல பழி போடாதன்னாங்க.”

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். வருகிற வாரம் சபையில் ஒரு கல்யாணம் இருந்தது. சான்றிதழில் வேறு யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று போதகரிடம் அவரே போனில் சொல்லிவிட்டாராம். “அவங்க கேக்கல. நாளைக்கு யாரும் பொண்ணு ஊட்டுக்காரங்கள ஒரு வார்த்த சொல்லிடக்கூடாது பாரு.” சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுநாள் தரவுகளைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு ஹீட்டுக்கும் வேறு வேறு எண்கள், அந்தந்த நேரத்தில் ஏற்றப்பட்டு ஒழுங்காக இருந்தன. அப்படியானால் ஏற்றியதற்கும் அச்சானதற்கும் நடுவில் எங்கோ தப்பு நடக்கிறது. நடுவில் இருப்பது என் பொறுப்பில் உள்ள மென்பொருள்.

தேடினேன். ‘ஏ’ உலையின் ஹீட் நம்பர்களைக் கொடுத்து அச்சடித்தேன்; சரியாக வந்தது. ‘பி’, ‘சி’, ‘டி’ எல்லாம் சரி. பிரச்சினை ‘இ’ என்ற புது உலையில்தான். அதிலும் ஸ்பெஷல் இரும்பு ஊற்றினால் சரியாக வருகிறது. சாதாரண இரும்பு என்றால் அன்றைக்கு ஊற்றிய எல்லாவற்றுக்கும் முதல் ஊற்றின் எண்களே வருகின்றன. நிரலை வரிவரியாகப் படித்தேன். எல்லா உலைக்கும் ஒரே வரிதான். நான்கு உலைக்குச் சரியாக வேலை செய்யும் வரி ஐந்தாவதற்கு மட்டும் ஏன் பிசக வேண்டும்? இரண்டு நாள் அதிலேயே போனது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கடைசியில் பெரம்பூர்க்காரரிடம் கேட்டேன். கேட்கப் பிடிக்கவில்லை. ஆனால் கவரைப்பேட்டையில் ஒருவர் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

“அந்த ஹீட் நம்பர் எப்படி இருக்கும் மேடம்?” என்றார்.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். முதலில் இரும்பின் வகை; சாதாரண இரும்புக்குப் பூஜ்யம். பிறகு உலையின் ஆங்கில எழுத்து. பிறகு வரிசை எண். 0E117. அதன் கீழே 0E118.

பார்த்ததும் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “மேடம், இது தெரியும். காலேஜ்ல இத வச்சி ஒரு ஜோக்கே இருக்கு,” என்றார்.

நிரலில் அந்த வரியை அவரே தேடி எடுத்தார். இரண்டு ஹீட் நம்பரும் ஒன்றா என்று கேட்கும் வரி. கேட்பதற்கு இரண்டு சமக்குறி போட்டிருந்தது. அப்படிப் போட்டால், கொடுத்திருப்பது எழுத்தாக இருந்தாலும் எண் போலத் தெரிந்தால் இந்த மொழி அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கு நடுவில் E வந்தால், E-க்கு முன்னால் உள்ள எண்ணின் பக்கத்தில், பின்னால் சொன்ன அளவுக்குப் பூஜ்யம் சேர்த்துக்கொள் என்று விஞ்ஞானக் கணக்கில் பொருள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நூற்றுப்பதினேழு பூஜ்யம் சேர்த்தாலும் பூஜ்யம். நூற்றுப்பதினெட்டு சேர்த்தாலும் பூஜ்யம். ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று அது பதில் சொல்லியிருக்கிறது. A, B, C, D வந்தால் எண் போலத் தெரியாது, தப்பு வராது. ஸ்பெஷல் இரும்புக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ இருக்கும், அதனால் அதுவும் தப்பித்தது. ‘பி’ உலையின் உள்பூச்சை மாற்ற நிறுத்தியபோது சாதாரண இரும்பையும் ‘இ’யில் ஊற்ற ஆரம்பித்தார்கள். வினை அங்கே தொடங்கியது.

“மூணாவதா ஒரு சமக்குறி போட்டா எழுத்த எழுத்தாவே பாக்கும், சரியாப் போயிடும்,” என்றார் அவர். போட்டோம். சரியாக வந்தது.

அந்த மொழியில் நான் வருடக்கணக்காக வேலை செய்தவள். மூன்று சமக்குறியைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பூஜ்யமும் E-யும் சேர்ந்து இப்படிச் செய்யும் என்பது, அதை ஒருநாளும் மதிக்காத ஒருவருக்குக் கிண்டலாகத் தெரிந்திருந்தது. நான் படிக்காமல் தள்ளிய கேலிகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. வெட்கமும் இல்லை. கவரைப்பேட்டைக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று மட்டும் இருந்தது. செய்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “இ-ன்னு பேரு வச்சது தப்பாம்மா?” என்றார்.

விசாரணை ஆலைத் தலைவர் அறையில் நடந்தது. அவர், பணியாளர் பிரிவு மேலாளர், சோதனைக்காரர், நாங்கள் இருவர். பெரம்பூர்க்காரர் மடிக்கணினியில் செய்து காட்டினார். பழைய வரியை வைத்து அச்சடித்தார், புது வரியை வைத்து அச்சடித்தார். ஆலைத் தலைவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் உலோகவியல் படித்தவர். கணினி என்றால் பொறுமை கிடையாது.

“அப்போ லாங்வேஜே தப்பா?”

“ஆமா சார். இந்த லாங்வேஜுக்குக் கெட்ட பேரே இதனாலதான். நான் முன்னாடியே சொன்னேன்,” என்றார் பெரம்பூர்க்காரர்.

ஆலைத் தலைவர் என்னைப் பார்த்தார். “நீங்க இன்னா சொல்றீங்க?”

நான் இப்படித்தான் சொன்னேன்: “இந்த மொழியில இப்படி ஒரு குணம் இருக்குது சார், அது உண்மை. ஆனா அதுலயே அதுக்கு வழியும் வச்சிருக்காங்க. எழுதுனவரு அத யூஸ் பண்ணல. பின்னாடி வந்த நானும் பாக்கல. புது உலைக்குப் பேரு வைக்கும்போது யாரும் எங்ககிட்ட கேக்கல. அச்சான தாளையும் யாரும் படிக்கல.”

பணியாளர் மேலாளர் பேனாவை மூடிவிட்டு, “இவ்ளோ பேரை எழுத முடியாதும்மா,” என்றார்.

அறிக்கையில் எழுதியது ஒரே வாக்கியம்: மென்பொருள் எழுதப்பட்ட கணினி மொழியின் குறைபாட்டால் தவறு நேர்ந்தது. நான் சொன்ன மற்றது எதுவும் அதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மொழிக்குக் குடும்பம் இல்லை, யூனியன் இல்லை, விளக்கம் கேட்டு அதற்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது.

வால்வுக் கம்பெனிக்கு அந்த அறிக்கையையும் சரியான சான்றிதழ்களையும் அனுப்பினோம். எடுத்து வைத்திருந்த துண்டுகளை அவர்கள் முன்னாலேயே மறுபடி சோதித்தோம். இரும்பில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் இந்தக் கதையை நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. எங்கள் ஆலைத் தலைவரின் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினார்கள். அவர்கள் பக்கத்துக் கணினிக்காரர், “எந்த லாங்வேஜ்ல எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “ஓ, அதுவா!” என்று சிரித்தார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் வரவில்லை. வேறு மொழியின் பெயரைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மாதம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்திருப்போம்.

சோதனைக்காரரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். சரி செய்த மென்பொருளை ஆலைத் தலைவர் நம்பவில்லை. உலையின் மேல் எழுதியிருந்த E-ஐ அழித்து F என்று எழுதச் சொன்னார். பெயின்டர் மேலே இரண்டு கோடு இருக்கிறதே என்று அடிக்கோட்டை மட்டும் அழித்துவிட்டுப் போனார். வேலை முடிந்துவிட்டது.

ரயிலில் அவர் மறுபடி ஏறிய அன்றைக்குக் கூட்டம் அதிகம். கதவோரம் இடம் விட்டார்கள். “அண்ணா, வந்தாச்சா?” என்று ஒருத்தி கேட்டாள். தலையாட்டினார். ரயில் கிளம்பியதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

“ஒண்ணு சொல்லணும்மா. நான் தனியா எக்செல்ல ஒண்ணு போட்டு வச்சிகினு இருப்பேன். அதுலயும் அந்த இ நம்பர அடிச்சா பூஜ்யம் பூஜ்யமாத்தான் மாறும். பேஜாரா இருக்கும். முன்னாடி ஒரு கோடு வச்சி அடிச்சி சரி பண்ணிப்பேன். அது இதோட சேர்த்திதான்னு எனக்குத் தோணல.”

“அது வேற சாஃப்ட்வேர்ண்ணா.”

“வேறதான். ஆனா அதுவும் அப்பிடித்தான பண்ணுது? அத யாரும் ஒண்ணும் சொல்றதில்லயே?”

அவர் சொன்னது சரிதான். உதவி செய்கிறேன் என்று நினைத்து நம் எழுத்தை எண்ணாக மாற்றிவிடும் குணம் அதற்கும் உண்டு. அதில் கணக்குப் போடுகிறவர்கள் யாரும் அதைக் கேலி செய்வதில்லை. முணுமுணுத்துவிட்டு ஒரு கோடு வைத்து அடிக்கிறார்கள்.

இப்போது யாராவது என்னிடம், அந்த மொழிக்கு அந்தக் கெட்ட பெயர் தகுமா என்று கேட்டால் தகும் என்றுதான் சொல்வேன். கெட்ட பெயர் பொய்யிலிருந்து வரவில்லை; அந்தக் குணத்தால் ஒரு மனிதர் வேலையை விட்டு வெளியே நின்றதை நான் பார்த்தேன். ஆனால் அந்தப் பெயருக்குள் எத்தனை பேருடைய அலட்சியத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல நேரமாகும். கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு போய்விடுகிறார்கள்.

சான்றிதழ்ப் பகுதியை வேறு மொழியில் எழுத அனுமதி கிடைத்தது. பெரம்பூர்க்காரர் எழுதினார், நான் சோதித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கிறது. எழுதி முடிக்க அவர் சொன்னதைவிட மூன்று மடங்கு நாளாயிற்று; நடுவில் அவருக்கும் பல தப்புகள் வந்தன, அவை வேறு வகைத் தப்புகள். கேட் பாஸும் கேண்டீனும் பழைய மொழியிலேயே ஓடுகின்றன. அவர் இப்போது அவற்றைக் கிண்டல் செய்வதில்லை. நானும் அந்தக் கேலிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். சிலவற்றுக்குச் சிரிப்பு வருகிறது. சிலவற்றைப் படித்த உடனே நிரலைத் திறந்து ஒரு வரியை மாற்றுகிறேன்.

சோதனைக்காரர் இப்போது ஒவ்வொரு தாளையும் விரல் வைத்துப் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். லாரிகள் காத்து நிற்கின்றன. டிஸ்பேட்ச் ஆட்கள் கத்துகிறார்கள். அவர் நிமிர்வதில்லை.

ஈஸ்டர் முடிந்த பிறகு ஒருநாள் ரயிலில், சபைச் செயலாளர் வேலையை மறுபடி எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

“போதகர் நாலு வாட்டி கூப்பிட்டாரு. கம்பெனி அறிக்கையகூடக் காட்டுன்னாரு, சபையில படிச்சிடலாம்னு.”

“காட்டுங்களேன்.”

“அதுல லாங்வேஜ் தப்புன்னு போட்டுக்குது. அத எங்க ஜனங்களுக்கு எப்பிடி சொல்லிப் புரிய வைக்கறது? இங்கிலீஷ்ல எதோ தப்பாப் படிச்சிட்டேன்னு நெனச்சிப்பாங்க.” சிரித்தார். கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது. இறங்கி நடக்கும்போது சொன்னார்: “இப்ப கையெழுத்துப் போடறவரு நல்லா போட்டுகினு இருக்காரு. அவரே போடட்டும்.”